கழுவாமல் கொண்டு வாருங்கள்

புல்வெட்டும் இயந்திரத்தைப் பழுதுபார்க்கக் கொண்டுவருகிறவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: கழுவாமல் கொண்டு வாருங்கள். மண் அப்பியிருந்தால் அப்பியபடியே இருக்கட்டும். தண்டில் புல் சுற்றியிருந்தால் அறுக்க வேண்டாம். கிரீஸ் வழிந்திருந்தால் துடைக்க வேண்டாம். பட்டறைக்கு அழுக்கோடு கொண்டுபோவது மரியாதை இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். அதற்காகவே முந்தின நாள் மாலை நீர்ப்பீச்சியால் அடித்துப் பளபளவென்று ஆக்கிவிடுகிறார்கள். அப்படிப் பளபளப்பாக வந்த ஓர் இயந்திரத்தால் ஒரு மனிதரின் வேலையே போகவிருந்தது. அதில் என் தவறும் கலந்திருந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் கோவை கணபதியில் ஒரு லேத் பட்டறையில் தொழில் கற்றவன். 1997-இல் சிங்கப்பூர் வந்தேன். துவாசில் கப்பல் பழுதுபார்க்கும் தளம் ஒன்றில் ஒன்பது ஆண்டுகள் கடைசல் வேலை. அதன்பிறகு சுங்கை காடுட்டில் இந்தச் சிறிய பட்டறைக்கு வந்து சேர்ந்தேன். ஆறடி லேத் ஒன்று, மில்லிங் இயந்திரம் ஒன்று, துளையிடும் இயந்திரம், 20 டன் ஹைட்ராலிக் பிரஸ், வெல்டிங் செட். அக்கம்பக்கத்தில் மரக்கடைகளும் நாற்காலி மேசை செய்யும் இடங்களும். காற்று திரும்பினால் எங்கள் மேசைமேல் மரத்தூள் படியும். முதலாளி சீனப் பெரியவர். நாங்கள் எல்லோரும் அவரை அங்கிள் என்றுதான் கூப்பிடுவோம். அவருக்கும் எனக்கும் இடையே பேச்சு பாதி பசார் மலாய், பாதி கை ஜாடை.

சிங்கப்பூரில் விவசாய இயந்திரமா என்று ஊரில் கேட்பார்கள். நாட்டின் நிலத்தில் ஏறக்குறைய ஒரு விழுக்காடுதான் விவசாயத்துக்கு. ஆனால் அந்த ஒரு விழுக்காட்டில் பெரும்பகுதி எங்கள் பட்டறையிலிருந்து லாரியில் கால்மணி நேரத் தொலைவில் இருக்கிறது. கிராஞ்சி, நியோ டியூ சாலை, லிம் சூ காங் என்று போனால் கீரைப்பண்ணை, மீன்பண்ணை, முட்டைப்பண்ணை, ஆட்டுப்பண்ணை எல்லாம் உண்டு. பயிர் எவ்வளவு வளர்கிறதோ அதைவிட வேகமாகப் புல் வளரும். ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை, வெயிலுக்கும் குறைவில்லை. குளிர்நாடுகளில் பனிக்காலம் வந்தால் புல்வெட்டி ஓய்வெடுக்கும். பட்டறைக்காரர் அதைப் பிரித்துப்போட்டு நிதானமாகப் பார்ப்பார். இங்கே பன்னிரண்டு மாதமும் வெட்டித்தான் ஆக வேண்டும். வரப்பில் புல் மண்டினால் பாம்பு அடையும், வாய்க்கால் அடைத்துத் தண்ணீர் தேங்கினால் கொசு பெருகும். ஆகவே இயந்திரம் நிற்கும் ஒவ்வொரு நாளும் பண்ணைக்காரருக்கு நெஞ்சில் கல்.

புல் மென்மையானது, இரும்பு வலிமையானது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். லாலான் புல்லின் ஓரத்தில் ஒருமுறை விரலை எதிர்த்திசையில் இழுத்துப் பாருங்கள், ரத்தம் வந்துவிடும். புல்லின் உடம்பிலேயே சிலிக்கா இருக்கிறது, மணலில் இருக்கும் அதே பொருள். அதோடு வேரடிச் செம்மண்ணும் சேர்ந்துகொண்டால் கத்திக்கு அது உப்புத்தாள். ஒரு நாள் முழுக்க ஈரப்புல்லை வெட்டிய கத்தியைத் தடவினால் கூர் உருண்டு போயிருப்பது விரலுக்கே தெரியும்.

இனி அந்த இயந்திரத்தின் கதை.

டிராக்டரின் பின்னால் பூட்டும் ஃபிளெயில் வகைப் புல்வெட்டி அது. உள்ளே ஒரு நீள உருளை. உருளையைச் சுற்றிலும் கொக்கிகளில் 24 கத்திகள் தொங்கும். நிற்கும்போது சாவிக்கொத்துபோல் தளர்ந்து கிடக்கும். உருளை நிமிடத்துக்கு 2,000 சுற்று சுற்றும்போது எல்லாக் கத்திகளும் விறைத்து நிமிர்ந்து, எதிர்ப்பட்ட புல்லைத் துவம்சம் செய்யும். உருளையின் இரண்டு முனைகளிலும் தண்டைத் தாங்கிச் சுழலவிடும் 6308 எண் பேரிங், அதாவது உள்வளையம், வெளிவளையம், நடுவே உருளும் இரும்புக் குண்டுகள்: உள்விட்டம் 40, வெளிவிட்டம் 90 மில்லிமீட்டர்.

அதைக் கொண்டுவந்தவர் அறந்தாங்கிப் பக்கத்துத் தம்பி ஒருவர். லிம் சூ காங்கில் ஒரு பண்ணையில் டிராக்டர் ஓட்டுகிறார். இயந்திரம் கண்ணாடிபோல் இருந்தது. “ரொம்ப உதறுகிறது அண்ணே, இருக்கையில் உட்கார முடியவில்லை” என்றார். பிரித்தேன். பெல்ட் பக்கத்துப் பேரிங் சிதைந்திருந்தது. உள்வளையம் இறுகிப்போய்த் தண்டின்மேலேயே சுற்றி, 40 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய இடத்தை 39.6 ஆக அரைத்திருந்தது. எனக்கு வேலை தெளிவாகத் தெரிந்தது. தண்டை வெல்டிங்கில் நிரப்பிக் கடைந்தேன். இப்படிப்பட்ட பேரிங் உட்காரும் இடம் சரியாக 40-ஆக இருந்தால் போதாது, 40.002-க்கும் 40.018-க்கும் இடையில் இருக்க வேண்டும். அப்போதுதான் வளையம் தண்டை இறுகப் பற்றும். மைக்ரோமீட்டரில் 40.01 வந்தது. புதுப் பேரிங், கிரீஸ் வெளியேறாமலும் சேறு புகாமலும் தடுக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீல், இரண்டும் புதிதாகப் போட்டு அனுப்பினேன். அன்று எனக்கு மனநிறைவு.

மூன்றே வாரத்தில் திரும்பி வந்தது. அதே பக்கம், அதே பேரிங்.

இந்த முறை தம்பியோடு பண்ணை மேலாளரும் வந்திருந்தார். அவர் இயந்திரத்தைப் பார்க்கவே இல்லை. இவர் முரட்டுத்தனமாக ஓட்டுகிறார், கல்லில் விடுகிறார், ஆளை மாற்றினால்தான் சரிப்படும் என்று அங்கிளிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். தம்பி ஒன்றும் பேசவில்லை. லாரியிலிருந்து இயந்திரத்தை இறக்கும்போது அவர் கை நடுங்கியதை நான் கவனித்தேன். கடன் வாங்கிக் கப்பலேறி வந்த எவருக்கும் அந்த நடுக்கம் தெரியும்.

நல்லவேளையாக அது டிசம்பர் மாதம். அடைமழையில் வரப்பு நடுவிலேயே இயந்திரம் நின்றுவிட, அப்படியே தூக்கி லாரியில் போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். கழுவ நேரம் இல்லை. உருளையை மூடியிருக்கும் கூரைத் தகட்டின் உள்ளே மண் ஓரங்குலத்துக்கு அப்பிக் கிடந்தது. நான் சுரண்டியை எடுத்தேன். அங்கிள் என் தோளைத் தொட்டு, “பெலான் பெலான்” என்றார், மெதுவாக என்று. டார்ச் விளக்கைக் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்துகொண்டார்.

அரை மணி நேரம் எதையும் தொடாமல் பார்த்தேன். தகட்டின் உள்ளே எல்லா இடத்திலும் மண் கெட்டியாகப் பிடித்திருந்தது, பெல்ட் பக்க மூலையில் மட்டும் மண்ணே இல்லை. உதறலில் உதிர்ந்துபோயிருக்கிறது, ஆக, உதறலின் ஊற்று அந்த மூலையில். பேரிங் உட்கார்ந்திருக்கும் இரும்புக் கூட்டைச் சுற்றி ஒரு மெல்லிய செந்நிற வளையம். குங்குமத்தை எண்ணெயில் குழைத்துப் பூசியதுபோல் இருந்தது. அதைத் தொட்டு விரலில் தேய்த்தேன். துரு இல்லை, துருவைவிட மிக நுண்ணிய பொடி. இரண்டு இரும்புப் பரப்புகள் இறுக்கம் போதாமல் ஒன்றன்மேல் ஒன்று கண்ணுக்குத் தெரியாத அளவில் உரசிக்கொண்டே இருந்தால் வரும் பொடி அது.

பொடி இருந்த இடம்தான் என்னை உட்காரவைத்தது. நான் கடைந்த தண்டின் பக்கம் சுத்தமாக இருந்தது. பொடி வந்தது வெளிவளையத்துக்கும் கூட்டுக்கும் நடுவிலிருந்து.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பெல்ட் ஒரு திசையில் தண்டை இழுக்கிறது. அந்த இழுப்பு எப்போதும் ஒரே திசையில், தண்டுதான் சுற்றுகிறது. அப்போது தேய்மானத்துக்கு ஆளாவது உள்வளையம். அதனால்தான் உள்வளையத்தைத் தண்டில் இறுக்கிப் பொருத்துகிறோம், வெளிவளையத்தைக் கூட்டில் சற்று இலகுவாக விடுகிறோம். ஆனால் உருளையில் ஒரு பக்கம் எடை கூடியிருந்தால் கதை தலைகீழ். கனத்த பக்கம் சுற்றச் சுற்ற, இழுக்கும் விசையும் கூடவே சுற்றுகிறது. அப்போது அடி வாங்குவது வெளிவளையம். அது கூட்டுக்குள் மெல்ல மெல்ல ஊர ஆரம்பிக்கும், ஊர்ந்து ஊர்ந்து கூட்டை அரைத்துவிடும். செம்பொடி வெளிப்பக்கம் இருந்தால் முதலில் எடைச்சமன் கெட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். துவாசில் பெரிய விசிறித் தண்டுகளில் இதைப் பார்த்திருக்கிறேன். முதல்முறை இந்தப் புல்வெட்டியில் அது தெரியாமல் போனதற்குக் காரணம் நீர்ப்பீச்சி. பொடியையும் மண்ணையும் சேர்த்துக் கழுவிக்கொண்டு போய்விட்டது. நானும் கூட்டின் உள்விட்டத்தை அளக்கவில்லை. அது என் தவறு. இப்போது அளந்தேன்: 90 இருக்க வேண்டிய இடத்தில் 90.21.

தம்பியைக் கூப்பிட்டு, கத்திகளை ஒவ்வொன்றாகக் கழற்றச் சொன்னேன். எந்தக் கத்தி எந்தக் கொக்கியில் இருந்தது என்று சுண்ணாம்புக் கட்டியால் எண் போட்டோம். தேக்காவில் வாங்கிய சமையலறைத் தராசு ஒன்று பட்டறையில் இருந்தது. வைத்து எடை பார்த்தோம். இருபத்திரண்டு கத்திகள் தேய்ந்து 770 முதல் 790 கிராம் வரை. பெல்ட் பக்கம் அடுத்தடுத்து, ஒரே வரிசையில் இருந்த இரண்டு மட்டும் ஒரு கிலோ.

“இவை எப்போது மாற்றியது?” என்றேன்.

“இரண்டு கத்தி உடைந்துபோனது அண்ணே. இரண்டை மட்டும் வாங்கிக் கொடுத்தார்கள். மற்றவை நன்றாகத்தானே இருக்கின்றன, எதற்கு வீண்செலவு என்றார்கள்.”

கவணில் கல்லை வைத்துச் சுழற்றினால் கை இழுபடுமே, அதுதான் இங்கும். 2,000 சுற்றில், உருளை மையத்திலிருந்து 20 சென்டிமீட்டர் தள்ளியிருக்கும் ஒரு கிலோ கத்தி ஏறத்தாழ 900 கிலோ எடைக்குச் சமமாகக் கொக்கியை இழுக்கும். எதிர்ப்பக்கத்தில் அதே எடையுள்ள கத்தி இருந்தால் இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டிக்கொள்ளும், பேரிங்குக்கு ஒன்றும் தெரியாது. எதிர்ப்பக்கம் 220 கிராம் குறைவாக இருந்தால் மிச்சம் நிற்பது கிட்டத்தட்ட 200 கிலோ. இரண்டு கத்திக்கு 400 கிலோ. அந்த 400 கிலோ வினாடிக்கு 33 முறை பேரிங் கூட்டைச் சுற்றிச் சுற்றிக் குத்தியிருக்கிறது. இந்தக் கணக்கை அட்டைப் பெட்டியைக் கிழித்து அதன்மேல் எழுதி வைத்தேன்.

பேரிங்கை அறுத்துப் பார்த்தபோது இரண்டாவது காரணமும் கிடைத்தது. உள்ளே கிரீஸ் மோர்போல் வெளுத்திருந்தது. தண்ணீர் கலந்தால்தான் அப்படி ஆகும். “தினமும் கழுவுகிறீர்களா?” என்று கேட்டேன். தினமும் மாலையில் நீர்ப்பீச்சியால் அடித்துத்தான் கொட்டகையில் விட வேண்டும் என்பது பண்ணையின் உத்தரவு. ஆயில் சீலின் உதடு வெளியிலிருந்து தெறிக்கும் சேற்றைத் தாங்கும். உயரழுத்தத்தில் நேராகப் பாயும் நீரை அதனால் தடுக்க முடியாது. ஆக, பண்ணை சொன்னதைத்தான் தம்பி செய்தார், அந்தச் சொன்னதுதான் பேரிங்கைக் கொன்றது.

மறுநாள் மேலாளர் வந்தபோது அங்கிள் என்னைப் பேசவிட்டார். கத்திகளைத் தராசில் வைத்துக் காட்டினேன். வெளுத்த கிரீசைக் காட்டினேன். கல்லில் விட்டிருந்தால் கத்தி முனைகளில் பள்ளமும் கொக்கிகளில் வளைவும் இருக்கும், இருபத்திரண்டில் ஒன்றிலும் இல்லை என்று எடுத்துக் காட்டினேன். அட்டைக் கணக்கை அவர் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டார். தம்பியிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. ஆனால் ஆளை மாற்றும் பேச்சு அதோடு நின்றது.

சரிசெய்த விதத்தைச் சொல்கிறேன், யாருக்காவது உதவும். கூட்டை லேத்தின் நான்கு தாடைச் சக்கில் பிடித்து, தேயாத வெளி முகத்தில், நுண்ணிய ஆட்டத்தையும் முள்ளால் காட்டும் டயல் கேஜ் வைத்து மையம் பார்த்தேன். தேய்ந்த துளையை வைத்து மையம் பார்க்கக் கூடாது. அது ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்கும், நாமும் அந்தக் கோணலிலேயே கடைந்துவிடுவோம். துளையை 100 மில்லிமீட்டருக்குப் பெரிதாக்கி, 100.05 வெளிவிட்டத்தில் ஓர் உறை கடைந்து பிரஸ்ஸில் அழுத்தி இறக்கினேன். உறையின் உள்விட்டத்தை முன்பே முடித்துவிட்டு அழுத்தினால் அது சுருங்கி ஏமாற்றும். அழுத்திய பிறகுதான் கடைசிக் கடைசல். சாதாரணமாக 90-க்கு ஓரிரு நூறில் பங்கு கூடுதலாக விடுவேன்; இங்கே 89.98-இல் நிறுத்தினேன், வெளிவளையம் இனி அசையக் கூடாது என்று. இரண்டு வளையமும் இறுகும்போது உள்ளே குண்டுகளுக்கு இடம் குறையும். ஆகவே சி3 என்று குறியிட்ட, உள்ளிடைவெளி சற்றுக் கூடுதலான பேரிங் வாங்கினேன். ஜாலான் புசார் பக்கம் பேரிங் கடைகளில் கேட்டால் கிடைக்கும். கேட்காவிட்டால் சாதாரணமானதைத்தான் கொடுப்பார்கள்.

பிறகு எடைச்சமன். இரண்டு நேர்த்தியான இரும்புப் பட்டைகளை ரசமட்டம் வைத்துச் சமமாக நிறுத்தி, கத்தியில்லாத உருளையை அவற்றின்மேல் வைத்தேன். கனத்த பக்கம் தானாக உருண்டு கீழே வரும். எதிர்ப்பக்கத்தில் களிமண்ணை ஒட்டி ஒட்டிப் பார்த்து, எங்கே நிறுத்தினாலும் உருளை நிற்கும் வரை கூட்டிக் குறைத்து, அந்தக் களிமண்ணின் எடைக்குச் சமமான இரும்புத் துண்டை வெல்டிங் வைத்தேன். அந்த வெல்டிங் உலோகத்துக்கும் எடை உண்டு, அதையும் கணக்கில் கழிக்க வேண்டும். இது நின்ற நிலைச் சமன் மட்டுமே. நீளமான உருளையில் ஒரு முனையில் மேல்பக்கமும் மறுமுனையில் கீழ்ப்பக்கமும் கனம் இருந்தால் பட்டைமேல் அது தெரியாது, சுழற்றினால்தான் தெரியும். அதற்கு இயந்திரத்தில் ஓடவிட்டுச் சமன் பார்க்கும் இடத்துக்கு அனுப்ப வேண்டும். இந்த உருளைக்கு அது தேவைப்படவில்லை. கத்திகள் 24-ஐயும் புதிதாக வாங்கச் சொல்லி, எடை பார்த்து, எதிரெதிரே ஜோடியாக மாட்டினோம். டிராக்டரில் பூட்டி ஓட்டியபோது தகட்டின்மேல் தண்ணீர் நிரம்பிய காப்பிக் குவளையை வைத்தேன். தண்ணீரில் வட்டம் எழுந்தது, ஆனால் ஒரு சொட்டும் சிந்தவில்லை.

வெல்டிங் பற்றியும் சொல்ல வேண்டும், இந்த ஊரில் பலரும் கோட்டைவிடுவது அங்கேதான். தண்டு நிரப்ப நான் பயன்படுத்துவது இ7018 என்ற பூச்சுள்ள வெல்டிங் கம்பி. பெட்டியைப் பிரித்து மேசையில் வைத்துவிட்டால், இங்குள்ள ஈரக்காற்றில் ஒரே நாளில் நமத்த முறுக்குதான். கம்பியின் பூச்சு ஈரத்தை உறிஞ்சிவிடும். அந்த ஈரத்திலிருந்து வரும் ஹைட்ரஜன் வெல்டுக்குள் புகும். வெளியே பார்க்க வெல்டிங் அழகாக இருக்கும். மறுநாளோ மறுவாரமோ அடியில் விரிசல் விடும். கம்பியை 300 டிகிரிக்கு மேல் ஒரு மணி நேரமாவது சுட்டு, பிறகு சூட்டுப்பெட்டியிலேயே வைத்து ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். தண்டையும் 150 டிகிரிக்கு மேல் சூடாக்கிக்கொண்டு, ஒரு வரி இந்தப் பக்கம், அடுத்த வரி நேர் எதிர்ப்பக்கம் என்று போட வேண்டும். ஒரே பக்கமாகப் போட்டால் தண்டு வில்லாக வளையும். முடிந்ததும் காய்ந்த மணலில் புதைத்து ஆறவிடுவேன். காற்றில் ஆறவிட்டால் அவசரப்பட்டு ஆறும். தண்ணீரில் போடுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

விரல்தண்டுப் புல்வெட்டிகளும் வரும். ஆட்டுக்குத் தீவனம் அறுப்பவர்கள் அதைத்தான் விரும்புவார்கள், ஏனென்றால் புல்லைச் சிதைக்காமல் அடியோடு அறுத்துச் சாய்க்கும். கோவை வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட கம்பு நேப்பியர் ரகங்களை ஊரில் 45 நாளுக்கு ஒருமுறை இப்படி அறுப்பதைப் பார்த்து வளர்ந்தவன் நான். முக்கோணக் கத்திகள் வரிசையாக ஒரு பட்டையில் ரிவெட் அடித்திருக்கும். பட்டை இடமும் வலமுமாக ஓடும்போது கத்திகள் இரும்பு விரல்களுக்கு நடுவே கத்தரிக்கோல்போல் அறுக்கும். கத்தரிக்கோல் என்பதை மறக்காமல் இருந்தால் பாதிப் பழுது புரிந்துவிடும். கத்தரியின் திருகு தளர்ந்தால் எவ்வளவு தீட்டினாலும் துணி மடிந்துதான் போகும். அதுபோலவே கத்தியை விரலோடு ஒட்டி அழுத்திப் பிடிக்கும் பிடிப்புத் தகடு தளர்ந்தால் புல் மடிந்து இடையில் சிக்கும். நான் பார்த்தவற்றில் முக்கால்வாசி, கத்தி மழுங்கிவிட்டது என்று வந்து, பிடிப்புத் தகட்டைச் சரிசெய்ததும் அறுத்தவை. கத்தி கையால் தள்ளினால் ஓட வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. அவ்வளவு இடைவெளி போதும்.

அடுத்துப் பார்ப்பது, பட்டை ஒரு கடைசிக்குப் போய் நிற்கும்போது ஒவ்வொரு கத்தியின் நடுவும் விரலின் நடுவுக்கு நேராக நிற்கிறதா என்று. இரண்டு கடைசியிலும் நிற்க வேண்டும். கத்திகளுக்கு இடையே மூன்று அங்குலம், அதாவது 76 மில்லிமீட்டர். பட்டையின் ஓட்டமும் அவ்வளவே. ஒருமுறை வந்த இயந்திரத்தில் எல்லாக் கத்தியிலும் இடப்பக்கக் கூர் உருண்டும் வலப்பக்கக் கூர் நன்றாகவும் இருந்தது. அளந்தால் 9 மில்லிமீட்டர் ஒரு பக்கமாக விலகியிருந்தது. பட்டையை இடமும் வலமும் தள்ளும் இணைப்புத் தண்டை யாரோ வெட்டி ஒட்டிக் குட்டையாக்கியிருக்கிறார்கள். ஒரு பக்கம் கத்தி வேகமாகப் போகும்போது அறுத்தது. மறுபக்கம், ஓட்டம் முடியும் தறுவாயில், வேகம் குறைந்த பிறகு அறுத்தது. வேகம் குறைந்த கத்தி அறுக்காது, நசுக்கும். அவர்கள் ஆறு மாதத்தில் இரண்டு முறை கத்தி மாற்றியிருந்தார்கள்.

பழைய கத்தியைக் கழற்றுவதற்குத் துளையிடும் இயந்திரம் வேண்டாம். பட்டையின் முதுகை வைஸின் தாடைமேல் தாங்கி, கத்தி கீழ்நோக்கித் தாடைகளுக்கு நடுவே தளர்வாக இறங்கியிருக்க, கத்தியின் பின்விளிம்பில் கனமான சுத்தியலால் ஒரே போடு. ரிவெட்டுகள் இரண்டும் வெட்டுப்பட்டு விழும். பட்டைத் துளை அகலாது. இதையும் அங்கிள்தான் காட்டிக் கொடுத்தார். கண்ணாடி போடாமல் செய்யாதீர்கள்.

தோளில் தொங்கவிடும் புல்வெட்டிகளைப் பற்றி ஒன்றே ஒன்று. உடைந்த கத்தியை வெல்டிங் வைத்துத் தரும்படி கேட்டு வருவார்கள். புதுக்கத்தி சில சிங்கப்பூர் வெள்ளிதான், ஆனால் கடைக்குப் போக நேரம் இல்லை என்பார்கள். நான் செய்வதில்லை, எவ்வளவு பழகியவர் கேட்டாலும். 255 மில்லிமீட்டர் கத்தி நிமிடத்துக்கு 8,000 சுற்று சுற்றினால் அதன் முனை வினாடிக்கு 100 மீட்டருக்கு மேல் பாய்கிறது. வெல்டிங் சூட்டில் கத்தியின் பதம் போய், ஒட்டுக்குப் பக்கத்தில் கண்ணாடிபோல் நொறுங்கும் தன்மை வந்துவிடும். வேறோர் இடத்தில் ஒட்டிய கத்தியின் துண்டு ஒன்று லாரியின் பக்கப் பலகையில் குத்தி நின்றதை நான் கையால் பிடுங்கியிருக்கிறேன். பலகைக்கு அந்தப் பக்கம் ஓர் ஆள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். தீட்டும்போதும் அவசரம் வேண்டாம். கூர் நீலம் பாரித்துவிட்டால் அந்த இடத்தில் பதம் போய்விட்டது என்று பொருள்.

அறந்தாங்கித் தம்பி இப்போதும் அதே பண்ணையில்தான் இருக்கிறார். இயந்திரத்தைத் தினமும் கழுவுவது நின்றுவிட்டது. மண்ணை மரக்கட்டையால் சுரண்டி, துடைப்பத்தால் தட்டிவிட்டு, பேரிங்குக்குப் பழைய கிரீஸ் வெளியே வரும் வரை புது கிரீஸ் ஏற்றுகிறார்கள். காய்கறி கட்டும் ராஃபியா கயிறு தண்டில் சுற்றினால் ஆயில் சீலுக்கு அடியில் புகுந்து அதை அறுத்துவிடும். வாரம் ஒருமுறை அதையும் கொக்கி வைத்து எடுக்கிறார்.

போன மாதம் வந்திருந்தார். இயந்திரம் மண்ணும் புல்லுமாக லாரியில் இருந்தது. பேரிங் ஆறு மாதத்தைத் தாண்டி ஓடுகிறது, சும்மா பார்த்துச் சொல்லுங்கள் என்றார். கையில் ஒரு பை. அதில் 24 கத்திகள், இரண்டிரண்டாகக் கம்பியில் கோத்திருந்தன. ஒவ்வொன்றிலும் மார்க்கர் பேனாவால் எடை எழுதியிருந்தது. சொந்தக் காசில் தராசு வாங்கியிருக்கிறார். ஒரு ஜோடியை மட்டும் தனியே எடுத்து மேசைமேல் வைத்தார். “இதில் 15 கிராம் வித்தியாசம் வருகிறது அண்ணே. முதுகுப் பக்கம் கொஞ்சம் அரைத்துத் தாருங்கள், கூர்ப்பக்கம் வேண்டாம்” என்றார்.

கிரைண்டரைப் போட்டேன்.